ஆகாயத்தில் சென்ற சூரை

கனடா தேசத்தின் கீழ்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குள் கிடக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவு உருளைக்கிழங்குச் சாகுபடிக்குப் பேர்போனது. ஆனால் 1960-களின் பிற்பகுதியில், அத்தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள நார்த் லேக் என்னும் சிறு மீன்துறைக்குக் கோடைக்காலத்தின் கடைசியில் வசதி படைத்தவர்கள் வந்து இறங்கியது உருளைக்கிழங்கை நாடி அன்று. தூண்டிலில் ஒரு மீனை மாட்டி, அதனோடு மணிக்கணக்காக மல்லுக்கட்டி, கரைக்கு இழுத்துவந்து, வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காகவே அவர்கள் வந்தார்கள். நம் கரையோர மீனவர்கள் சூரை என்றும் கெரை என்றும் சொல்லும் மீன் வர்க்கத்திலேயே மிகப் பெரியது அது. நீலத்துடுப்புச் சூரை என்று அதை நாம் குறிப்பிடலாம். அதன் பிரம்மாண்டத்தை ஊகிக்க ஒரு கணக்கு போதும்: பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் 1979-ஆம் ஆண்டு அக்டோபரில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 679 கிலோ நிறை இருந்தது. புகைப்படம் எடுத்து முடிந்தபின் அந்த மாமிச மலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பூனைக்கு டப்பா உணவு தயாரிப்போர் அற்ப விலைக்கு வாங்கிக்கொண்டால் உண்டு. இல்லையேல் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

அதே வருஷங்களில் பசிபிக் சமுத்திரத்தின் மேலே வேறொரு விரயம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானங்கள் காமிராக்களையும், மின்னணுச் சாமான்களையும், துணிமணிகளையும் நிறையச் சுமந்துகொண்டு டோக்கியோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போயின; திரும்புகாலில், மேலே பிரயாணிகள் நிறைந்திருந்தாலும், கீழே சரக்கறை பெரும்பாலும் வெறுமையாகவே வந்தது. வெறும் சரக்கறையைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகத்தான் செய்கிறது. 1970 ஜனவரியில் போயிங் 747 விமானம் சேவைக்கு வந்து, ஒரே பயணத்தில் முன்னைவிடப் பன்மடங்கு சரக்கை அடித்தளத்திலேயே கொண்டுபோகலாம் என்னும் நிலை ஏற்பட்டபின், இந்த நஷ்டம் கம்பெனியின் கண்ணை இன்னும் உறுத்திற்று. திரும்பும் விமானத்தை நிரப்புவதற்கு ஏற்ற பொருளொன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை, அக்கம்பெனியின் சரக்குப் பிரிவில் இருந்த அகிரா ஒகாஸாகி என்பவருக்கு வந்து சேர்ந்தது.

அவர் தேடிய பொருளுக்கு மூன்று லட்சணங்கள் வேண்டியிருந்தன. அமெரிக்கக் கண்டத்தில் அது மலிவாகக் கிடைக்க வேண்டும். ஜப்பானில் கிலோக் கணக்கில் நல்ல விலைக்குப் போக வேண்டும். மூன்றாவதாக, அது சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும். மூன்றாவது லட்சணம் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கெடாத பொருளைக் கப்பல் கொஞ்சக் கூலிக்கு நிதானமாகக் கொண்டுபோய்விடுமாதலால், ஆகாய மார்க்கத்துக்கு வந்து சேருகிற பண்டத்துக்கு அழுகும் குணம் ஒரு குறையாகாமல் ஒரு தகுதியாகவே ஆகிவிடுகிறது. உலக வியாபாரத்தில் எடைக் கணக்குப்படி நூற்றில் ஒரு பங்குகூட விமானத்தில் போவதில்லை. மதிப்புக் கணக்கிலோ மூன்றில் ஒரு பங்குக்குமேல் விமானத்தில்தான் போகிறது. கனடாவில் இருந்த ஒரு சிப்பந்தி நார்த் லேக்கில் புதைக்கப்படும் மீன்களைப் பற்றித் தகவல் அனுப்ப, ஒகாஸாகி அதைப் பற்றிக்கொண்டார். பலவிதப் பெட்டிகளும் குளிரூட்டும் முறைகளும் சோதிக்கப்பட்டன. கடைசியில், தீவிலிருந்து படகேற்றியும் லாரியேற்றியும் நியூயார்க் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து ஆகாயத்தில் புறப்பட்ட ஐந்து சூரைகள் 1972 ஆகஸ்ட் 14-ஆம் தேதி டோக்கியோவின் ட்ஸுகிஜி மீன் அங்காடியில் ஏலத்துக்கு வந்தன.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லுவோர் பெரும்பாலும் விமானத்தின் வேகத்தை மெச்சுவதோடு நின்றுவிடுகிறார்கள். வேகம் மெச்சத் தக்கதே. ஆனால் அந்த ஐந்து மீன்களின் கதி விமானத்தில் நிர்ணயமாகவில்லை. படகின் மேல்தட்டில், உயிர் பிரிந்த முதல் சில நிமிஷங்களிலும், பிறகு பனிக்கட்டிக்குள் கிடந்த ஒன்றரை நாளிலும் அது நிர்ணயமாகிவிட்டது. அங்கே சரியாகச் செய்யாததை எந்த ஜெட் விமானமும் சரிசெய்ய முடியாது. இதை விளக்க, செத்த மீனின் சரீரத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள தசைக்கு வேலை செய்யும் சக்தியைக் கொடுப்பது ஏ.டி.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒரு ரசாயனப் பொருள். உயிர் போனபின் பிராணவாயு வருவது நின்றாலும் தசை உடனே செயலற்றுப் போவதில்லை. கையிருப்பில் உள்ள ஏ.டி.பி.யைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் தசைநார்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உடல் விறைக்கிறது. செலவான ஏ.டி.பி.யோ படிப்படியாகச் சிதைந்து முதலில் இனோசினேட் ஆகிறது. பின்னர் இனோசினாகவும், கடைசியில் கசப்புத் தட்டும் ஹைப்போசாந்தைனாகவும் மாறுகிறது. இவற்றுள் இனோசினேட் என்பது நாவுக்கு மிகவும் உகந்த பொருள். காய்ந்து கட்டையான மீனைச் சீவிச் சாறு இறக்கும் ஜப்பானியச் சமையலில் அந்தச் சாற்றின் ருசிக்கு இதுவே காரணம் என்று 1913-ஆம் ஆண்டிலேயே கொடாமா ஷின்டாரோ என்னும் விஞ்ஞானி கண்டார். நம்மவர்கள் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும், சூரை வர்க்கத்தையே அவித்துப் புகையூட்டி உலர்த்திய பண்டமாதலால், அதே ருசியின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஆகவே, பிடித்த உடனே தின்பதுதான் மீனின் உச்சம் என்னும் பொதுவான எண்ணம் பெரிய சூரையின் விஷயத்தில் பொருந்தாது. இனோசினேட் சேருவதற்கும், விறைப்புத் தளர்ந்து மாமிசம் மிருதுவாவதற்கும் நாட்கள் வேண்டும். குளிர் மட்டும் தவறாமல் இருக்குமானால், பிரயாணத்தில் கழியும் நாட்கள் மீனைக் கெடுப்பதற்குப் பதிலாகப் பக்குவப்படுத்தவே செய்கின்றன. சிதைவின் கடைசிப் படிகளில் உள்ள இரண்டு பொருள்களும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று அளந்து புதுமையை எண்ணால் குறிப்பிடும் முறையை 1959-இல் ஹொக்கைடோ சர்வகலாசாலையினர் வகுத்தார்கள்; அதைக் கே மதிப்பு என்பார்கள். இருபதுக்கு உட்பட்டிருந்தால் பச்சையாக உண்ணத் தக்கது என்பது வழக்கமான மட்டம்.

இந்தச் சிதைவின் கதியை உஷ்ணம் ஆளுகிறது. மீனைக் கெடுக்கும் நுண்ணுயிர்களின் பெருக்கத்துக்கோ ஒரு சுலபமான வாய்பாடே உண்டு: சென்டிகிரேட் அளவைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வந்ததை வர்க்கப்படுத்தினால், பனிக்கட்டியில் உள்ள மீனைவிட எத்தனை மடங்கு விரைவாக அது கெடும் என்பது கிடைக்கும். ஐந்து டிகிரியில் இரண்டேகால் மடங்கு. பத்து டிகிரியில் நான்கு மடங்கு. அதாவது, பத்து டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன் பனிக்கட்டியில் நான்கு நாள் கிடந்த மீனுக்குச் சமம்; விமானம் மிச்சம்பிடித்த நாட்களையெல்லாம் ஒரு சரக்குக் கொட்டகையின் அசிரத்தை ஒரே பகலில் விழுங்கிவிட முடியும்.

மீன்கள் குளிர்ந்த ரத்தமுடையவை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நீலத்துடுப்புச் சூரையைப் பொறுத்தவரை அந்தப் பாடம் தவறு. மற்றப் பெரும்பாலான மீன்களில், தசையில் உண்டாகும் உஷ்ணம் ரத்தத்தின் வழியே செவுளுக்குப் போய் ஜலத்தில் கரைந்துவிடும். சூரையிலோ, தசையிலிருந்து திரும்பும் வெப்ப ரத்தத்தின் மெல்லிய குழாய்களும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தத்தின் மெல்லிய குழாய்களும் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று உரசியபடி எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வெளியே போக இருந்த உஷ்ணம் உள்ளே வரும் ரத்தத்துக்கு மாறிக்கொண்டு மறுபடி தசைக்கே போய்ச் சேருகிறது. உட்ஸ் ஹோல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த கேரி, டீல் என்னும் இருவர் 1960-களில் இம்மீன்களின் உடலுக்குள் உஷ்ணமானியைச் செலுத்தி அளந்து, ஏழு டிகிரி நீரில் நீந்துகிற மீனுக்குள்ளும் தசையின் உஷ்ணம் 25 டிகிரியை ஒட்டி நிற்பதைக் கண்டார்கள். குளிர்க்கடலில் ஓயாமல் விரைந்து வேட்டையாட இந்த ஏற்பாடு மீனுக்குப் பெரிய வரம். அதை விற்க நினைப்பவனுக்கோ பெரிய சாபம். தூண்டிலில் மாட்டிய மீன் மணிக்கணக்காகப் போராடும்போது உள்ளுஷ்ணம் 30 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அதே சமயம் லாக்டிக் அமிலம் தசையில் நிரம்புகிறது. உஷ்ணமும் அமிலமும் சேர்ந்து புரதங்களைக் குலைத்துவிடுவதால், கண்ணாடி போல் சிவந்திருக்க வேண்டிய மாமிசம் வெளிறி, நீர் கசிந்து, வெந்தது போல் ஆகிவிடுகிறது. இந்தக் கோளாறை ஜப்பானிய வியாபாரிகள் யாக்கே என்பார்கள்; அது பட்ட மீனை விலைக்குக் கேட்க ஆள் இராது. பொழுதுபோக்குக்காகப் பிடித்து, இழுத்து, வெயிலில் தொங்கவிட்டுப் படம் எடுக்கும் பழைய முறை, மீனைப் பாழாக்குவதற்கென்றே ஏற்பட்டது போல் இருந்தது என்பதை இப்போது புரிந்துகொள்ளலாம்.

எனவே, மீனைக் கொல்லும் முறையே மாற வேண்டியிருந்தது. முறை தெரிந்தவர்கள் மீனைப் படகின் பக்கம் கொண்டுவந்ததும் அடித்துத் துவைக்க மாட்டார்கள். ஈரமான மெத்தைமேல் கிடத்தி, கண்ணை ஒரு துணியால் மூடி, நெற்றியில் மூளை இருக்கும் இடத்தைக் குறிபார்த்துக் கூரிய முளையை ஒரே குத்தாகச் செலுத்துவார்கள். மீன் ஒரு முறை நடுங்கி, வாய் அகன்று, துடுப்புகள் தளரும். அந்தத் துவாரத்தின் வழியே நீண்ட கம்பியொன்றை முதுகெலும்புக்குள் ஓட்டி நரம்புத் தண்டை அழித்துவிட்டால், செத்தபின்னும் தசைகள் துடித்து ஏ.டி.பி.யை வீணாக்குவது நிற்கும். பிறகு பக்கத்துடுப்பின் அடியிலும் வாலருகிலும் கீறி, கடல்நீரை ஓடவிட்டு ரத்தத்தை வடிப்பார்கள். செவுளையும் குடலையும் எடுத்துவிடுவார்கள். இவை எல்லாம் நிமிஷக் கணக்கில் முடிய வேண்டும். பார்ப்பதற்குக் கொடூரமாக இருப்பினும், மீனுக்கு மூச்சுத் திணறிச் சாவதைவிட இது சுலபமான மரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி உஷ்ணத்தை எடுக்கும் வேலை. 300 கிலோ எடையுள்ள மீனை 27 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர எவ்வளவு பனிக்கட்டி வேண்டும்? மீனின் தசை கிலோவுக்கு ஒரு டிகிரி குறைய மூன்றரைக் கிலோஜூல் உஷ்ணத்தைக் கக்குகிறது. ஆக மொத்தம் 28,000 கிலோஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூலை விழுங்குகிறது. வகுத்துப் பார்த்தால் 85 கிலோ பனிக்கட்டி. அளவு மட்டுமே பிரச்சினையானால் எளிதில் தீர்ந்துவிடும். காலம்தான் பெரிய சங்கடம். உஷ்ணம் நடுவிலிருந்து தோலுக்கு வந்து சேர எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. அண்டா நிறைய வடித்த சோறு மேலே ஆறிய பின்னும் அடியில் கை வைக்க முடியாமல் இருப்பதைக் கல்யாண வீட்டுச் சமையற்காரர் எவரும் அறிவார். விரற்கடைத் தடிமனுள்ள மத்தி மீன் சில நிமிஷங்களில் குளிர்ந்துவிடும். அதைவிட 25 மடங்கு பருத்த சூரைக்கு அந்த நேரத்தைப்போல் அறுநூறு மடங்குக்கு மேல் வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பின் நடுத்தண்டில் இருக்கும் சூடு வெளியேற ஒரு நாளுக்கு மேலாகிறது. நொறுக்கிய பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த கூழுக்குள் மீனை அமிழ்த்தி வைப்பது, அந்தக் கூழ் தோலின் ஒவ்வொரு அங்குலத்தையும் தொட்டு நிற்பதால்தான். அதற்காகக் குளிரைக் கண்மூடித்தனமாகக் கூட்டவும் முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரியிலேயே மாமிசத்தில் உள்ள நீர் உறையத் தொடங்கி, பனிப்படிகங்கள் தசையணுக்களைக் கிழித்துவிடும்.

மீன் நடுத்தண்டு வரை குளிர்ந்தபின் பெட்டியில் ஏறுகிறது. நீண்ட அந்தப் பெட்டிக்குச் சவப்பெட்டி என்றே இத்தொழிலில் பரிகாசப் பெயர். உள்ளளவு இரண்டு மீட்டர் நீளமும், எண்பது சென்டிமீட்டர் அகலமும், அறுபது சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டியொன்றை ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மாகோலால் செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 25 டிகிரி இருந்தால் அந்தப் பெட்டியின் சுவர்கள் வழியே ஏறக்குறைய 140 வாட் உஷ்ணம் உள்ளே கசியும். அதைச் சமாளிக்க நாள் ஒன்றுக்கு 36 கிலோ பனிக்கட்டி போதும். மீனைக் குளிர்விக்க 85 கிலோ. குளிர்ந்த மீனை அப்படியே வைத்திருக்க நாளுக்கு 36 கிலோ. முதலாவது வேலையைக் கரையில் மலிவான பனிக்கட்டியால் முடித்துக்கொள்ளாமல் விமானத்துக்குள் தள்ளுபவன், கிலோவுக்குக் கிலோ ஆகாயக் கூலி கொடுத்து ஜலத்தைச் சுமக்கிறான். அத்துடன் காரியமும் கெடுகிறது. ஏனெனில், பெட்டிக்குள் வைத்த பனி, கசிந்து வரும் உஷ்ணத்தைத் தடுக்குமேயன்றி, பருத்த மீனின் நடுவே ஒளிந்திருக்கும் உஷ்ணத்தைக் குறித்த நேரத்துக்குள் எட்ட முடியாது. தெர்மாகோலின் கனத்தை இரட்டித்தால் கசிவு பாதியாகுமே என்று கேட்கலாம். ஆகும், ஆனால் பெட்டியின் வெளிப்பரிமாணம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விமானக் கம்பெனிகள் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகப் பாவித்து, இரண்டு கணக்கில் எது அதிகமோ அதற்கே கூலி வாங்குகின்றன. எனவே, சுவர் எத்தனை கனம் என்பது பௌதிகமும் வியாபாரமும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விவகாரம்.

சாதாரணப் பனிக்கட்டியை விமானக்காரர்கள் விரும்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பும் ரத்தமும் கலந்த பனிநீர் சரக்கறையின் தரையில் ஒழுகினால் அலுமினியத்தை அரித்துவிடும், கம்பிகளுக்கும் ஆபத்து. ஒழுகாத உறை, உறிஞ்சும் விரிப்பு என்று விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் பக்கம் பக்கமாகப் பேசுவது இதனால்தான். பதிலாக ஜெல் பைகளை வைக்கலாம். டிரை ஐஸ் எனப்படும் உறைந்த கரியமிலவாயுவும் உதவும். அது மைனஸ் 78 டிகிரிக்கும் கீழான குளிருடையது. உருகி நீராகாமல் நேரே வாயுவாகிவிடும். கிலோவுக்குக் கிலோ பனிக்கட்டியைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கிலோ டிரை ஐஸ் ஐந்நூறு லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரிவதால், மூடிய அறையில் பிராணவாயுவை விரட்டிவிடும். ஆகவே அது அபாயகரமான சரக்குகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு விமானத்துக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. கோழிக்குஞ்சு முதலிய உயிர்ப்பிராணிகள் இருக்கும் அறையில் அதைப் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். மீனின் தோலில் நேராகப் பட்டால் பட்ட இடம் கல்லாக உறைந்துபோகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஆகாயப் பிரயாணம் ஒரு பெரிய விஷயமே அல்ல. அக்காலத்தில் சோவியத் நாட்டின் வான்வெளி மேற்கத்திய மார்க்கங்களுக்குச் சுலபமாகத் திறந்திராததால், நியூயார்க்கிலிருந்து டோக்கியோ போகும் விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. சரக்கறை காற்றழுத்தம் காக்கப்பட்ட இடம், வெளியே உறைகுளிர். மீனுக்கு அபாயம் அங்கே இல்லை. பெட்டிகள் விமானத்தின் அருகே தார்த் திடலில் ஏற்றப்படக் காத்துக் கிடக்கும் நேரத்திலும், சுங்கத்தில் ஒரு கையெழுத்துக்காக நிற்கும் நேரத்திலும்தான் அபாயம். ஜூலை மாத நடுப்பகலில் ஏதேனும் ஒரு வளைகுடா விமான நிலையத்தின் திடலில் இரண்டு மணி நேரம் நின்ற பெட்டி, அதற்கு முன்னும் பின்னும் பதினைந்து மணி நேரம் பறந்த பெட்டியைவிட அதிக உஷ்ணத்தை வாங்கியிருக்கக்கூடும்.

குளிர் தவறினால் வருவது நாற்றமும் நஷ்டமும் மட்டுமல்ல. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஏராளம். சூடான மீனில் பெருகும் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்குகின்றன. அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைக் கொதிக்கவைத்தாலும், டப்பாவில் அடைத்து வேகவைத்தாலும், உறையவைத்தாலும் போக்க முடியாது. நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே செல்லாது.

ஆகாயத்தில் போகும் உணவெல்லாம் மீன் அல்ல. பழமும் காய்கறியும் உண்டு. அவற்றின் சங்கதி முற்றிலும் வேறு என்பதால் ஓரிரு வார்த்தைகளோடு விடுகிறேன். மீன் செத்தது, மாம்பழம் உயிருள்ளது. அது சுவாசிக்கிறது, உஷ்ணத்தை வெளியிடுகிறது, எத்திலீன் என்னும் வாயுவை விட்டுத் தன்னையும் அண்டையில் உள்ளதையும் பழுக்கவைக்கிறது. அதைப் பத்து டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, ருசி செத்துப்போகும். ஆகவே சூரைக்கும் மாம்பழத்துக்கும் ஒரே குளிரறையில் இடம் கொடுக்க முடியாது. இந்திய மாம்பழம் 2007-இல் அமெரிக்காவுக்கு மறுபடி போனபோது, பழவண்டு முதலியவற்றை ஒழிக்க மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் காமாக் கதிரூட்டிய பின்னரே விமானமேறிற்று. உயிருள்ள பண்டத்துக்குக் குளிர் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

ட்ஸுகிஜியில் விடியுமுன் நடந்த பரிசோதனையைப் பார்த்திருந்தால் மேற்சொன்ன ரசாயனமெல்லாம் விரல் நுனியில் அடங்கியிருப்பது தெரிந்திருக்கும். ஈரமான சிமெண்டுத் தரையில் சூரைகள் வரிசையாகக் கிடக்கும்; வால் அறுக்கப்பட்டு, அறுத்த முகத்தில் ஒரு வட்டச் சிவப்பு தெரியும். ரப்பர் பூட்ஸ் அணிந்த வியாபாரிகள் கையில் சிறு கொக்கியும் டார்ச் விளக்கும் ஏந்தி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார்கள். வெட்டுமுகத்திலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார்கள். வழுவழுவென்று எண்ணெய் பூசினால் கொழுப்பு உண்டு. பிசுபிசுத்து நீர் விட்டால் யாக்கே என்று சந்தேகம். விளக்கொளியில் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா, வானவில்போல் மினுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேச்சு இராது. மணி அடித்ததும், விரல்களை மடக்கியும் நீட்டியும் விலை கேட்பார்கள்; மீனுக்கு மீன் ஏலம் நொடிகளில் முடிந்துவிடும். கனடாவிலிருந்து வந்த முதல் ஐந்து மீன்களின் கொழுத்த வயிற்றுப் பாகத்தை அவர்கள் மதித்ததும் ஒரு காலமாற்றமே; எடோ காலத்து ஜப்பானியர்கள் சூரையின் கொழுப்புப் பகுதியைச் சீக்கிரம் கெடுவதாலும் ருசிக்காததாலும் ஒதுக்கிவந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மாமிசக் கொழுப்புக்கு நாக்கு பழகியதும், குளிர்சாதனம் பரவியதும் சேர்ந்தே அந்த விருப்பை உண்டாக்கின.

வழி திறந்ததும் நடந்தது யாவரும் ஊகிக்கக் கூடியதே. புதைக்கப்பட்டுவந்த மீன் விலையுயர்ந்த சரக்காயிற்று. அட்லாண்டிக்கின் இருபுறமும், பின்பு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலும் சூரைகள் பெட்டிகட்டி டோக்கியோவுக்குப் போயின. 1978-இல் திறந்த நரிட்டா விமான நிலையத்துக்கு இறங்கிய மீனின் அளவைப் பார்த்து, அதை நரிட்டா மீன்துறைமுகம் என்றே ஜப்பானியர்கள் கேலியாக அழைத்தார்கள். அங்காடி 2018-இல் டொயோசு என்னும் இடத்துக்கு மாறிய பின், 2019 ஜனவரியின் முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள சூரையொன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போயிற்று. அது விளம்பர விலை என்பது உண்மையே. ஆயினும் விலையின் ஏற்றம் கடலைக் காலி செய்யத் தொடங்கியதும் உண்மை. அட்லாண்டிக் சூரைகளைக் காக்கும் சர்வதேச ஆணைக்குழு 1969 முதல் இருந்தும், 2000-களில் இனம் வற்றுகிறது என்ற அச்சம் மிகுந்து, 2010-இல் தோஹாவில் கூடிய மகாநாட்டில் சர்வதேச வியாபாரத்தையே தடைசெய்ய மொனாக்கோ தேசம் பிரேரணை கொண்டுவந்தது, அது தோற்றது. பின்னர் பிடிக்கும் அளவைக் கடுமையாகக் குறைத்ததன் பயனாக, அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருந்த அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை 2021-இல் அபாயம் குறைந்தவற்றின் வகுப்புக்கு மாற்றப்பட்டது. கட்டுநாயக்கா விமான நிலையம் வழியே மஞ்சள்துடுப்புச் சூரையை ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்த இலங்கைக்கும் 2015 தொடக்கத்தில் ஒரு பாடம் கிடைத்தது: கட்டுப்பாடில்லாத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு மீனுக்குத் தடை விதித்தது, ஒழுங்குகள் திருந்தியபின் 2016 நடுவில்தான் தடை நீங்கிற்று.

விமானத்துக்குப் போட்டியாக இன்னொரு சாதனமும் வளர்ந்துவந்தது. சூரையின் சிவப்பு மயோகுளோபின் என்னும் நிறப்பொருளால் வருவது. பிராணவாயு பட்டு அது பழுப்பேறிவிட்டால் பச்சையாகத் தின்ன யாரும் வாங்கமாட்டார்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனிப் பகுதியில் உள்ள மைனஸ் 18 டிகிரியில்கூட அந்த மாற்றம் மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. மைனஸ் 60 டிகிரியில் அது ஏறக்குறைய நின்றுபோகிறது; பாக்டீரியாவும் என்சைமும் உறங்கிவிடுகின்றன. தொலைக்கடலில் நீண்ட தூண்டில்வரிசை போடும் ஜப்பானியக் கப்பல்கள் 1960-களிலிருந்தே இத்தகைய கடுங்குளிர் அறைகளைப் பெற்று, பிடித்த மீனைக் கப்பலிலேயே உறையவைத்து, மாதங்கள் கழித்துத் துறைக்குக் கொண்டுவந்தன. டன்னுக்குக் கிலோமீட்டர் கணக்கில் விமானம் கப்பலைப்போல் சுமார் ஐம்பது மடங்கு கரியமிலவாயுவைக் கக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கப்பலின் பக்கமே நியாயம் சாய்கிறது. மெதுவாக, முறையாக உருக்கிய அம்மீனுக்கும் விமானத்தில் வந்த மீனுக்கும் வித்தியாசத்தைச் சொல்லக்கூடிய நாவுகள் சிலவே என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆயினும் டொயோசுவில் இன்றும் பனியில் குளிர்ந்த மீனுக்கு ஒரு கூடமும், வெள்ளைப் பூச்சுப் படர்ந்து கட்டையாய்க் கிடக்கும் உறைந்த மீனுக்கு வேறொரு கூடமுமாகத் தனித்தனியே ஏலம் நடக்கிறது. முதல் கூடத்தில் கிலோவுக்குக் கேட்கும் விலையே பெரும்பாலும் அதிகம்.